பெயர் மட்டும்

சிவகாசி அச்சகத்தில் என் மனைவியின் கருமாதிப் பத்திரிகைகள் கொடியில் காய்கின்றன. அச்சுக் கோர்க்கும் ஊர்க்காவலன் என்பவர் ஈய எழுத்துகளை முழுவதும் பிரித்துப் போடுவதில்லை. அடுத்த சாவுக்கும் அதே வரிகள் உதவும். சன்னல் வெயிலில் குனிந்து, மாரித்தாய் என்ற அவள் பெயரை மட்டும் இடுக்கியால் எழுத்தெழுத்தாகப் பிடுங்குகிறார். “மை காயுற வரைக்குமாவது பேரை விட்டு வைங்க,” என்கிறேன். “இவுகளுக்கும் இப்பவே வேணுமாம் சார்.” பக்கத்தில் ஓர் ஆமத்தூர்க்காரர் நிற்கிறார். புருவம் கருகியிருக்கிறது. என் பத்திரிகை ஒன்றை எடுத்து, ‘பட்டாசு ஆலை விபத்தில்’ என்ற வரியில் விரல் வைத்து மெல்லப் படிக்கிறார். “வேற என்னய்யா மாத்தணும்?” என்று ஊர்க்காவலன் கேட்கிறார். “எம் பொண்டாட்டி பேரு மாடத்தி. அதை மட்டும் மாத்துங்க. தேதி அதேதான்.” நான் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறேன்.