தலைமை: துரைராசு

“முன்வரிசை காலியா கிடக்கு! குடிகாரங்க எல்லாம் கூச்சப்படாம முன்னாடி வாங்க!” மைக்கில் முழங்கினார் ஒன்றியக் கவுன்சிலர் துரைராசு.

ஒருவரும் அசையவில்லை. நீடாமங்கலத்தை ஒட்டிய அந்த ஊரில் குடிமறப்பு முகாம் தொடங்கி இரண்டு மணி நேரம். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் தலைமையுரை. பேனர் முழுக்க துரைராசு கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவுக்கு ஓர் உடைந்த பாட்டில்.

“மூணு ஊர் போயிட்டு வந்தோம்யா. ஒருத்தரும் சிகிச்சைக்கு வரல” என்றாள் ஆலோசகர் அம்சவல்லி. “இன்னைக்கும் காலியா திரும்பினா மையத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போற வேனையே நிறுத்திடுவாங்க. ஒருத்தராவது வேணும்.”

“ஒருத்தரா? வேன் பத்தாதும்மா! டேய் வைரக்கண்ணு, ஏறு!”

“நாளைக்கு நடவுங்க தலைவரே. ஆளு சொல்லியாச்சு.”

“சாமிதுரை?”

“நான் குடிக்கிறதில்லீங்க. யாராச்சும் ஊத்திக் குடுத்தா மறுக்கிறதில்ல, அவ்வளவுதான்.”

கூட்டம் சிரித்தது. அம்சவல்லி பதிவேட்டை மூடினாள்.

“வெக்கப்படுறாங்கய்யா. நாங்க கிளம்புறோம்.”

“வெக்கமா?” துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டார். “குத்தகை நிலத்துக்காக மூணு தடவை போலீஸ் வேன் ஏறினவன் நான். இந்த வேன் எம்மாத்திரம்? தலைவன்னா முன்னால நடக்கணும். நானே ஏறுறேன், என் பின்னால வாங்க!”

விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்தார். “தலைவர் வாழ்க!” கைதட்டல் காதைப் பிளந்தது. பின்னால் ஒருவரும் ஏறவில்லை. வைரக்கண்ணுதான் வந்து மரியாதையாக வேன் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் அம்சவல்லி பெருமூச்சு விட்டாள்.

“கூட்டம் மறைஞ்சிருச்சுய்யா. இங்கயே இறங்கிக்குங்க.”

“நிறுத்தச் சொல்லாதம்மா.”

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார் துரைராசு. நாலு கைலி, பல் தேய்க்கும் பிரஷ், பிரஷர் மாத்திரை.

“காலையிலேயே டிரைவர்கிட்ட குடுத்து வெச்சேன். என் பைக் சத்தம் கேட்டாலே சின்னப் பொண்ணு நெல்லுப் பத்தாயத்துக்குப் பின்னால போய் ஒளியுறாம்மா. தனியா வந்து சேர்ந்தா குடிகாரன்னு சொல்லுவாங்க. அதான் எங்க ஊர்ல முகாம் போடச் சொல்லி நானே மனு குடுத்தேன். யாராச்சும் கேட்டா, தலைவர் முப்பது நாள் ஆய்வுக்குப் போயிருக்கார்னு சொல்லிடு.”