இரண்டாவது அளவு

ஜோகுபாளையம் பட்டறையில், ரேஸ் காரின் எஞ்சின் பிளாக்மேல் உத்தமன் குனிந்திருக்கிறார். புதிதாய்த் தேய்த்த சிலிண்டர் சுவர்களில் குறுக்குக் கோடுகள் காலை வெயிலில் மின்னுகின்றன. அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும்; சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மயிரிழை குறைந்தாலும் ஓட்டத்தில் இறுகிப்போகும். அதனால் அவர் அளந்ததைக் கூட்டாளி மஞ்சுநாத் எப்போதும் தனியாக மறுபடி அளப்பார். மஞ்சுநாத் இறந்து இருபது நாளாகிறது. உத்தமன் அளந்து, எண்களைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறார். வெளியே போய்க் கைகழுவி வந்து, மறுபடி அளவுக் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்குகிறார். "இப்பத்தானே அளந்தீங்கண்ணா?" என்கிறான் காரின் சொந்தக்காரன் தருண். "அது என்னுது தம்பி. இது மஞ்சுவோடது." இரண்டும் ஒத்துப்போகின்றன. "சரியாகிதெ, மஞ்சு," என்று கன்னடத்தில் சொல்கிறார். சற்றுக் காத்திருந்துவிட்டு, எப்போதும் மஞ்சுநாத் பிரிக்கும் பிஸ்டன் பெட்டியைத் தானே பிரிக்கிறார்.