பஸ் ஏறும் கதாநாயகிகள்

"தன்னையே தேடுறாளாம். ஆதார் கார்டுல இருப்பா, பாக்கச் சொல்லுங்க" என்று போனில் இளக்காரமாகச் சிரித்தான் சோலைராஜ்.

மறுமுனையில் பதிப்பாளர். "நாவலை அப்படிப் பேசாதீங்க தம்பி. காலேஜ் பிள்ளைக அம்புட்டும் அதைத்தான் படிக்குது."

"படிக்கும்ணே. புருசன் திட்டணும், அவ ஜன்னல் வழியா வானத்தைப் பாக்கணும், கடைசியில மாட்டுத்தாவணியில பஸ் ஏறணும். எங்க எறங்குனா, என்னத்தச் சாப்பிட்டான்னு எந்தக் கழுதையும் கேக்காது."

"அதுக்குத்தான் இந்த வருசம் பரிசு. எழுத்தாளரம்மா நேர்ல மேடைக்கு வந்தே ஆகணுமாம்."

சோலைராஜின் சிரிப்பு நின்றது. "கூட்டிட்டு வாரேன்" என்று போனை வைத்துவிட்டுச் சமையலறையில் இருந்த மனைவியிடம் போனான்.

"இசைவாணி, ஞாயித்துக்கிழம பட்டுச்சேலை கட்டிக் கெளம்பு. உனக்கு ஒரு பரிசு தருவாங்க. சிரிச்சுக்கிட்டே வாங்கு. வாயை மட்டும் தொறக்காத."

"எனக்கு எதுக்குங்க பரிசு?"

"நான் எழுதுற நாவலுக்கெல்லாம் உன் பேரைத்தான் போட்டிருக்கேன். இந்த மாதிரிக் கதை பொம்பளை பேருலதான் விக்கும்."

இசைவாணி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"மேடையில மைக்கு குடுப்பாங்கள்ல?"