மீசை கரைந்த செட்டியார்

கொலுவுக்காக உறவினர் எல்லோரும் கூடிப் படி கட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்த பெட்டிக்குள்ளிருந்து பழைய செட்டியார் பொம்மை எட்டிப் பார்த்தார். மேசைமேல் புதிதாக வாங்கிய செட்டியார் இருந்தார்.

"இந்த வருஷம் எனக்குப் படியில இடமில்ல போலிருக்கு."

"ரெண்டு வயசில மிருதுளா குளிப்பாட்டுறேன்னு உங்களை வாளியில அமுக்கினாளே, அன்னிக்கே மீசை கரைஞ்சாச்சு," என்றாள் பக்கத்திலிருந்த செட்டிச்சி. "கத்தியிருக்கலாமில்ல?"

"குழந்தை அப்படிச் சிரிச்சா. பயந்துடுவாளேன்னு இருந்துட்டேன்."

இருபது வயது மிருதுளா செட்டிச்சியை மட்டும் எடுத்துப் புதியவர் பக்கத்தில் உட்காரவைத்தாள். செட்டிச்சி சாய்ந்தாள். மிருதுளா நிமிர்த்தி வைத்தும் மறுபடியும் சாய்ந்தாள்.

"என்னடி பண்றே?" பெட்டிக்குள்ளிருந்து செட்டியார் பதறினார்.

"சும்மா இருங்க," என்று மூன்றாம் முறையும் சாய்ந்தாள்.

மிருதுளா சிரித்துவிட்டாள். "அம்மா, இவளுக்குப் பழைய ஆளே வேணுமாம்," என்று பெட்டிக்குள் கையை நீட்டினாள்.