ஷெட்டுக்கு வந்த பார்வைக் கோளாறு

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சென்னியப்பன், தன் கையாலேயே கார் ஷெட்டுக்கு ஒரு மூளை பொருத்தினார். அடடா, என்ன மூளை! நிலாவுக்குப் போய்த் திரும்புகிற கலத்தைக்கூடக் கீறல் விழாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். கார் வாசலுக்கு வந்தால் போதும். ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம்.

அதுவரை காருக்குப் பின்னால் நின்று, "வாங்க, வாங்க... ஸ்டியரிங்க ஒடிங்க... ஐயோ, செவுருங்க!" என்று நாலு தெருவுக்குக் கேட்கக் கத்தியவள் அவர் மனைவி தெய்வானை. மூளை வந்தபிறகு அவள் வாசலுக்கே வருவதில்லை. சென்னியப்பனுக்கு வீடு திரும்பிய மாதிரியே இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் காரோடு வாசலுக்கு வந்ததும் ஷெட், "கண் தெரியவில்லை! கண் தெரியவில்லை!" என்று அலறியது. தெய்வானை முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, உங்க மெஷினுக்கும் உங்களாட்டவே கண்ணு அவிஞ்சு போச்சா? வாங்க, வாங்க... ஒடிங்க!"

செவ்வாய் கிரகம்வரை கேட்டிருக்கும். அவர் வேண்டுமென்றே இரண்டு தடவை காரைக் கோணலாக ஏற்றி, திரும்ப வெளியே எடுத்தார்.

அவள் உள்ளே போனதும் சுவரிலிருந்த சென்சாரைத் துடைக்கப் போனார். அதன் கண்ணை மறைத்து, தெய்வானையின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

அது உதிர்ந்துவிடாதபடி கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு வந்தார்.