குளியலறைக் கண்ணாடி சொன்ன காரணம்

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த கவின்குமாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக, புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லி ஹாலில் தனியாகப் படுத்துவந்தார்.

அன்று காலை அவர் பல் துலக்கும்போது, குளியலறையில் மாட்டியிருந்த, உடல்நலம் பார்த்துச் சொல்லும் ஸ்மார்ட் கண்ணாடி வழக்கம்போல அவருடைய மூச்சைச் சோதித்துவிட்டுச் சத்தமாக அறிவித்தது: "கொழுப்பு அமிலங்களை உடம்பு சரியாகப் பயன்படுத்தவில்லை. ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கின்றன. ஆணுறுப்பு விறைப்புத்தன்மைக் குறைபாடு இருக்கக்கூடும். மருத்துவரைப் பாருங்கள்."

சமையலறையில் இருந்த மனைவி மோனிஷாவின் காதிலும் அது விழுந்தது. கவின்குமார் வெளியே வரவேயில்லை. அவள் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, இதுக்குத்தான் தள்ளித் தள்ளிப் போனீங்களா?"

"சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"என்னையப் புடிக்காமப் போயிருச்சுன்னு ரெண்டு வருசமா உள்ளுக்குள்ள அழுதுட்டு இருக்கறேன். வெளிய வாங்க, டாக்டர்கிட்டப் போலாம்."

கதவு திறந்தது. அவள் முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

மருத்துவமனையில், கண்ணாடி அனுப்பியிருந்த அறிக்கையை டாக்டர் திரையில் திறக்கப்போனார். கவின்குமார் தடுத்தார்.

"அது இருக்கட்டுங்க டாக்டர், நானே சொல்றேன்" என்றார், மனைவியின் கையை விடாமல்.