ஒரு கீறல்கூட இல்லாத கூடு

மைக்ரோஸ்கோப்புக் கண்ணாடி மேல ரெண்டு கூடு கெடந்துச்சு. கண்ணுக்கே தெரியாத கடல் உயிருங்க, காலம் கெட்டா உள்ள போய்த் தூங்குற கூடு. நல்ல காலம் வந்தா முதுகுல கதவத் தள்ளிட்டு வெளிய போயிருங்க. கூடு மட்டும் கோடி வருஷம் பாறைக்குள்ள கெடக்கும்.

ஒண்ணுக்கு முள்ளெல்லாம் ஒடஞ்சு, முதுகுல பெரிய ஓட்ட. இன்னொண்ணுக்கு ஒரு முள்ளுகூட வளையல.

ஆராய்ச்சி பண்ற ரெஜினா, ஓட்டக் கூட்ட அரைமணி நேரம் படம் வரைஞ்சு பேரும் எழுதினா. முள்ளுக் கூட்ட ஒரு பார்வை பாத்துட்டு, "இனம் தெரியல"ன்னு குறிச்சுக்கிட்டா.

முள்ளுக் கூட்டுக்கு வயிறு எரிஞ்சுது. "ஏன்டி மொட்ட, உனக்குப் பேரு, எனக்கு ஒண்ணும் இல்லையா? என் முள்ள எண்ணிப் பாத்தாளா அந்தக் குருடி?"

"முள்ளு நெறைய பேருக்கு இருக்குடி. கதவு எப்படித் தொறந்திருக்குன்னு பாத்துதான் பேரு வைக்கிறா."

"கதவாம் கதவு! உள்ள இருந்தது உன் முதுக ஒடச்சுட்டு ஓடிப்போச்சு. இதுல பெருமை வேறயா? என்னப் பாரு, ஒரு கீறல் இருக்கா?"

"இல்லடி. அப்போ உனக்குள்ள தூங்குச்சே, அது எப்படி வெளிய போச்சு?"

உள்ளேருந்து தட்டின சத்தம் முள்ளுக் கூட்டுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அன்னிக்கும் அது கதவத் தொறக்காம தன் முள்ளத்தான் எண்ணிக்கிட்டு இருந்துச்சு.